எந்தப் பைத்தானை நிறுவுவது? அதிகாரபூர்வ நிறுவியா, அனகோண்டாவா, வேறொன்றா

காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு மாடி அறையில், மாலை நேரங்களில் பைத்தான் நிரல்மொழி சொல்லித் தருகிறேன். அழகப்பா பல்கலைக்கழக மாணவர்கள், செக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆராய்ச்சி செய்கிறவர்கள், கடைகளில் கணக்கு எழுதுகிறவர்கள் என்று கலவையான கூட்டம். நிரலின் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே, நிறுவும் இடத்திலேயே பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரே மடிக்கணினியில் மூன்று பைத்தான் இருக்கும். இணையத்தில் இறக்கியது ஒன்று, நண்பன் பென் டிரைவில் கொடுத்த அனகோண்டா ஒன்று, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து தெரியாமல் வந்தது ஒன்று. பேக்கேஜ், அதாவது பைத்தானோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்தொகுப்பு, ஒரு பைத்தானில் போய் உட்கார்ந்திருக்கும். நிரல் இன்னொன்றில் ஓடும். “நேற்று நிறுவினேன் சார், இன்று இல்லை என்கிறது” என்று வந்து நிற்பார்கள்.

எது சிறந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். நிரல் கடைசியில் எந்தக் கணினியில் ஓடப்போகிறது, அதற்கு எந்தெந்த பேக்கேஜ் வேண்டும் என்ற இரண்டும் தெரிந்துவிட்டால், எதை நிறுவுவது என்பதில் பெரிய குழப்பம் இருக்காது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். பதிவிறக்கம் ஆறாவது படியில்தான் வருகிறது.

1. சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

அதிகாரபூர்வ வழங்கல் என்பது பைத்தான் மென்பொருள் அறக்கட்டளையின் தளமான பைத்தான் டாட் ஆர்க்கில் கிடைப்பது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அதே அறக்கட்டளையின் பெயரில் இருப்பதும் அதிகாரபூர்வமானதே. அனகோண்டா, மினிகோண்டா, மினிஃபோர்ஜ், வின்பைத்தான் ஆகியவை மூன்றாம் தரப்பு வழங்கல்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவோடு வரும் பைத்தானும், மேக்கில் ஹோம்ப்ரூ என்ற நிறுவும் கருவி வழியாக வருவதும்கூட மூன்றாம் தரப்புதான். பலருக்கு இது தெரிவதில்லை.

இவை எல்லாவற்றின் உள்ளேயும் இருப்பது சிபைத்தான் என்ற ஒரே மூலநிரல். ஆகவே நீங்கள் கற்கும் மொழி மாறாது. யார் அதைக் கட்டினார்கள், கூடவே எதை வைத்துத் தந்தார்கள், பேக்கேஜ்கள் எந்தக் களஞ்சியத்திலிருந்து வரும், உரிமம் என்ன சொல்கிறது என்பவைதான் மாறும். பைபை என்று ஒன்று இருக்கிறது. அது பைத்தான் நிரலை ஓட்டும் வேறொரு மென்பொருள். புதியவர்கள் இப்போதைக்கு அதை மறந்துவிடலாம்.

2. கணினியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘வேர் பைத்தான்’ என்று ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். எங்கே இருக்கிறாய் என்று கேட்கும் கட்டளை அது. நம் காதில் வேர் என்று விழுவதும் பொருத்தம்தான். கணினி எத்தனை இடங்களில் பைத்தானைக் காண்கிறதோ அத்தனை வரிகள் வரும். ‘பைத்தான்’ என்று மட்டும் தட்டினால் ஓடுவது முதல் வரியில் இருப்பதுதான்.

அந்தப் பட்டியலில் ‘விண்டோஸ்ஆப்ஸ்’ என்ற கோப்புறை தெரிந்தால் ஏமாந்துவிடாதீர்கள். ஸ்டோரிலிருந்து நீங்கள் எதையும் நிறுவாதபோது, அங்கே இருப்பது ஸ்டோர் பக்கத்தைத் திறந்துவிடும் ஒரு வெற்றுக் குறுக்குவழி மட்டுமே. விண்டோஸ் அமைப்புகளில் ‘ஆப் எக்ஸிகியூஷன் ஏலியாஸ்’ என்ற பகுதிக்குப் போய் பைத்தானுக்கு உரிய இரண்டு பொத்தான்களையும் அணைத்துவிடுங்கள். அடுத்த அரை மணி நேரக் குழப்பம் மிச்சம்.

பிறகு, பி-ஒய் என்ற இரண்டெழுத்துக் கட்டளையோடு இடைவெளி விட்டு ‘-0’ சேர்த்துப் பாருங்கள். அதிகாரபூர்வ நிறுவி வழியாக வந்த பதிப்புகளைப் பட்டியலிடும். லினக்ஸிலும் மேக்கிலும் ‘விச் -ஏ பைத்தான்3’ இதே வேலையைச் செய்யும். வந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கடைசிப் படியில் அந்தத் தாள் தேவைப்படும்.

3. நிரல் கடைசியாக எங்கே ஓடும்?

இந்தக் கேள்வியை நானே ஒருமுறை தவறவிட்டேன். ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறைக்கு, வார்த்த கற்கள், காய்ந்தவை, உடைந்தவை, அனுப்பியவை என்று எண்ணிக்கை வைக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். என் கணினியில் அழகாக ஓடியது. அதைத் தனியே ஓடும் கோப்பாக மாற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பட்டறைக் கணினியில் இருந்தது விண்டோஸ் 7. இருமுறை சொடுக்கினால் பிழைச் செய்தி வந்து நின்றது. உரிமையாளர் மோர் கொடுத்து, “பரவாயில்லை தம்பி, பேரேடு இருக்கிறதே” என்றார். அந்த ஆறுதல் பிழைச் செய்தியைவிட அதிகமாகச் சுட்டது.

பைத்தான் 3.9 முதல் விண்டோஸ் 7 ஆதரவு கிடையாது. அதில் ஓடும் கடைசி வரிசை 3.8. அந்த வரிசைக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் 2024இல் நின்றுவிட்டன. ஆகவே 3.8இல் மாற்றிக் கொடுத்தபோது, அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்காமல் வைத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு வந்தேன்.

ஓடப்போகும் கணினியைப் பற்றி மூன்றை எழுதிக்கொள்ளுங்கள்: இயங்குதளமும் அதன் பதிப்பும், 32 பிட்டா 64 பிட்டா, இணையம் உண்டா இல்லையா. 64 பிட் பைத்தானில் கட்டிய கோப்பு 32 பிட் விண்டோஸில் ஓடாது. டென்சர்ஃப்ளோ போன்ற சில பேக்கேஜ்களோ 64 பிட் இல்லாமல் நிறுவவே முடியாது.

4. பேக்கேஜ் பட்டியலை எழுதுங்கள்

கடைக்குப் போகுமுன் சாமான் பட்டியல் எழுதுவது போலத்தான். நம்பை, பாண்டாஸ், மேட்பிளாட்லிப், ஓப்பன்பைஎக்ஸெல், ஜாங்கோ, ஃபிளாஸ்க் போன்றவை மட்டும் என்றால் கவலை வேண்டாம். பைத்தானின் பேக்கேஜ் நிறுவும் கருவியான பிப் வழியாக எல்லாம் தயார் நிலையில் இறங்கும். இவற்றுக்காக அனகோண்டா தேவை என்பது பழைய அறிவுரை. நம்பையை விண்டோஸில் நிறுவ மல்லாடிய காலத்தில் அது சரியாக இருந்தது.

சிக்கல், பைத்தான் அல்லாத பெரிய நிரல்தொகுதிகளின் மேல் உட்கார்ந்திருக்கும் பேக்கேஜ்களில்தான். நல்ல எடுத்துக்காட்டு, நிலப்படங்களைக் கையாளும் ஜிடால். செட்டிநாட்டு ஊரணிகளைச் செயற்கைக்கோள் படத்தில் குறிக்கும் திட்டத்தோடு ஒரு மாணவி வந்தார். பிப் வழியாக ஜிடாலை நிறுவப் பார்த்து இரண்டு நாள் போயிருந்தது. பிப் களஞ்சியத்தில் அதன் மூலநிரல் மட்டுமே இருக்கிறது; விண்டோஸில் அதைக் கட்ட சி++ கருவிகளும் ஜிடாலின் அடிப்படை நூலகமும் வேண்டும். அனகோண்டா, மினிஃபோர்ஜ் ஆகியவற்றோடு கோண்டா என்று பிப் போன்ற இன்னொரு நிறுவும் கருவி வரும். அதற்கான கோண்டா-ஃபோர்ஜ் களஞ்சியத்தில் அதெல்லாம் சேர்ந்தே இருப்பதால் ஒரே கட்டளையில் முடிந்தது.

5. இப்போது முடிவெடுங்கள்

என் பரிந்துரை இதுதான். காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

கற்பவர்கள், இணையதளம் கட்டுகிறவர்கள், கடைக்குச் சிறு நிரல் எழுதுகிறவர்கள் அதிகாரபூர்வ வழங்கலை எடுங்கள். நிறுவி சுமார் 30 எம்பி அளவுதான். அனகோண்டாவின் முழு நிறுவி ஏறக்குறைய 1 ஜிபி. நிறுவியபின் வட்டில் பல ஜிபி பிடிக்கும். கைப்பேசியின் ஒருநாள் டேட்டாவை வைத்து இறக்கும் மாணவருக்கு அன்றைய கணக்கு அதிலேயே தீர்ந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு: தனியே ஓடும் கோப்பாக மாற்றும்போது, அனகோண்டா சூழலிலிருந்து (சூழல் என்றால் என்ன என்பது பத்தாம் படியில்) கட்டினால் தேவையற்ற நூலகங்களும் ஒட்டிக்கொண்டு கோப்பு ஊதிவிடும்.

ஜிடால் போன்றவை தேவைப்படும் ஆராய்ச்சி மாணவர்கள் மினிஃபோர்ஜ் எடுங்கள். அனகோண்டாவைச் சொல்லாமல் இதைச் சொல்வதற்கு முதல் காரணம் அளவு. இரண்டாவது, உரிமம்.

அனகோண்டா நிறுவனம் 2020இல் தன் பயன்பாட்டு விதிகளை மாற்றியது. 200 பேருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் அதன் இயல்பான களஞ்சியத்தைப் பயன்படுத்தக் கட்டணம் செலுத்த வேண்டும். மினிகோண்டா சிறியதுதான், ஆனால் அதுவும் இயல்பாக அதே களஞ்சியத்திலிருந்துதான் எடுக்கும். சின்ன நிறுவியை இறக்கியதால் விதியிலிருந்து தப்பிவிட்டோம் என்று நினைப்பது தவறு. வகுப்புப் பாடத்துக்குச் சலுகை உண்டு என்றாலும், உங்கள் நிறுவனம் அதில் அடங்குமா என்பதை விதிகளைப் படித்து அலுவலகத்தார் முடிவு செய்யட்டும். மினிஃபோர்ஜ் தன்னார்வக் குழுவின் கோண்டா-ஃபோர்ஜ் களஞ்சியத்தை மட்டுமே இயல்பாகக் கொண்டது. இந்தத் தலைவலி அங்கே இல்லை.

ஆய்வகக் கணினியில் நிறுவ அனுமதி இல்லாதவர்களுக்கு வின்பைத்தான். பென் டிரைவிலிருந்தே ஓடும்.

6. பதிப்பு எண்ணைத் தேர்ந்து பதிவிறக்குங்கள்

ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு புதிய வரிசை வரும்: 2024இல் 3.13, 2025இல் 3.14. புதியதைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும், பொறுங்கள். பேக்கேஜ் எழுதுகிறவர்கள் புதிய வரிசைக்குத் தங்கள் கோப்புகளைக் கட்டி வெளியிடச் சில மாதங்கள் ஆகலாம். அதற்குள் அவசரப்பட்டால் பிப் மூலநிரலை இறக்கிக் கட்டப் பார்க்கும். ‘மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 தேவை’ என்று சிவப்பில் ஒரு பாரா வரும். அதைப் படித்துவிட்டுப் பல ஜிபி கருவிகளை இறக்கத் தொடங்கியவர்கள் உண்டு. மருந்து எளிது: ஒரு வரிசை பின்னால் இருப்பதை எடுங்கள்.

மிகவும் பின்னாலும் போகாதீர்கள். ஒவ்வொரு வரிசைக்கும் மொத்தம் ஐந்தாண்டு ஆதரவு உண்டு. முதல் ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு மூலநிரல் மட்டுமே வரும். விண்டோஸ் நிறுவி வராது. 3.11க்குக் கடைசி நிறுவி 3.11.9. அதற்குமேல் எண் உள்ள பக்கத்தைத் திறந்து, நிறுவி எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார்கள். அது அங்கே இல்லை.

பைத்தான் டாட் ஆர்க்கின் விண்டோஸ் பக்கத்தில் ‘எம்பெடபிள்’ என்று ஒரு சிறு ஜிப் கோப்பும் இருக்கும். அளவு குறைவு என்று அதை எடுத்துவிடாதீர்கள். அதில் பிப்பும் இல்லை, திரைச் சாளரம் வரையும் டிகின்டரும் இல்லை. வேறு மென்பொருளுக்குள் பொதிந்து வைக்க உண்டானது அது.

7. அதிகாரபூர்வ நிறுவியில் கவனிக்க வேண்டியவை

முதல் திரையின் அடியில், பைத்தானை ‘பாத்’தில், அதாவது கட்டளைகளைக் கணினி தேடும் கோப்புறைப் பட்டியலில், சேர்க்கவா என்று கேட்கும் ஒரு பெட்டி காலியாக இருக்கும். ‘இன்ஸ்டால் நவ்’ என்ற பெரிய பொத்தான் கண்ணை இழுக்க, இதைத் தாண்டிப் போகாத புதியவரை நான் பார்த்ததில்லை. முதலில் பெட்டியில் குறியிடுங்கள், பிறகு பொத்தான். தவறவிட்டிருந்தால் அதே நிறுவியை மீண்டும் ஓட்டி, ‘மாடிஃபை’ வழியாக உள்ளே போய்ச் சேர்க்கலாம். அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதில்லை.

இப்போது அதே தளம் ‘நிறுவல் மேலாளர்’ ஒன்றையும் தருகிறது. 3.16 முதல் பழைய பாணி நிறுவி வராது என்று அறிவித்திருக்கிறார்கள். மேலாளரில், பி-ஒய் கட்டளையோடு ‘இன்ஸ்டால்’ என்றும் பதிப்பு எண்ணும் கொடுத்தால் போதும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதிலேயே பழகிக்கொள்ளலாம்.

8. மினிஃபோர்ஜ் அல்லது அனகோண்டா என்றால்

இங்கேயும் ‘பாத்’ பெட்டி வரும். இந்த முறை அதைத் தொடாதீர்கள். முந்தைய படிக்கு நேர் எதிராக இருப்பதால்தான் இதில் அதிகம் சறுக்குகிறார்கள். கோண்டாவைப் பாத்தில் சேர்த்தால் அதன் கோப்புகள் முன்னால் போய் நின்று, மற்ற மென்பொருள்கள் தேடும் நூலகங்களை மறைத்துவிடும். கோண்டாவுக்கென ஸ்டார்ட் மெனுவில் வரும் தனி பிராம்ப்டைத் திறந்து பயன்படுத்துங்கள்.

நிறுவும் கோப்புறையின் பாதையில் இடைவெளியும் ஆங்கிலம் அல்லாத எழுத்தும் கூடாது. தமிழ்ப் பற்றில் விண்டோஸ் பயனர் பெயரையே தமிழில் வைத்திருந்த ஒரு தம்பிக்கு நிறுவியது நட்டாற்றில் நின்றது. பெயரை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. சி டிரைவின் வேரிலேயே ஒரு கோப்புறையில் நிறுவிக் கொடுத்தேன்.

‘பேஸ்’ என்று தொடக்கத்தில் தெரியும் சூழலில் எதையும் நிறுவாதீர்கள். கோண்டா தானே அதில்தான் குடியிருக்கிறது. அதைக் குலைத்தால் கருவியே போய்விடும்.

9. லினக்ஸும் மேக்கும்

உபுண்டுவோடு வரும் பைத்தான் உங்களுக்கானது இல்லை. இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் அதை நம்பி இருக்கின்றன. அதை நீக்கினால் டெஸ்க்டாப்பே காணாமல் போகும். 22.04இல் 3.10, 24.04இல் 3.12 என்று ஒவ்வொன்றுக்கும் நிலையான வரிசை உண்டு. பாதுகாப்புத் திருத்தங்களை உபுண்டுவே பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பைத்தானில் நேராக பிப் ஓட்டினால், ‘வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் மறுப்பு வரும். உபுண்டு 23.04, டெபியன் 12 முதல் இந்தக் காவல். இணையத்தில் தேடினால், ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்பதைச் சேர்க்கச் சொல்வார்கள். அதன் பெயரே உடைக்கட்டுமா என்று கேட்கிறது; வேண்டாம் என்று சொல்லுங்கள். ‘பைத்தான்3-வென்வ்’ என்ற பேக்கேஜை, உபுண்டுவின் சொந்த நிறுவும் கருவியான ஆப்ட் வழியாக நிறுவிக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

மேக்கில் ஹோம்ப்ரூ வேறு எதையோ புதுப்பிக்கும்போது பைத்தானையும் சேர்த்து மாற்றிவிடும். நேற்று ஓடிய சூழல் இன்று ஓடாது. பாடம் படிக்கிறவர்களுக்கு அங்கும் பைத்தான் டாட் ஆர்க் நிறுவியையே சொல்கிறேன்.

10. ஒவ்வொரு வேலைக்கும் வேறு வையுங்கள்

நகரத்தார் வீடுகளில் ‘வேறு வைத்தல்’ என்ற வழக்கம் உண்டு. திருமணமான மகன் அதே வீட்டில், அதே வளவில்தான் இருப்பார். அடுப்பும் சாமானும் மட்டும் தனி. மெய்நிகர் சூழலுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. பைத்தான் ஒன்றே, ஒவ்வொரு திட்டத்துக்கும் பேக்கேஜ்கள் தனித்தனி. ஒரு திட்டத்துக்குப் பழைய பாண்டாஸ், இன்னொன்றுக்குப் புதியது என்றாலும் சண்டை வராது.

அதிகாரபூர்வ வழங்கலில், திட்டக் கோப்புறைக்குள் நின்றுகொண்டு ‘பைத்தான் -எம் வென்வ்’ கட்டளையோடு சூழலின் பெயரைக் கொடுங்கள். பிறகு அதை ‘ஆக்டிவேட்’ செய்யுங்கள். கோண்டாவில் ‘கோண்டா கிரியேட்’, ‘கோண்டா ஆக்டிவேட்’. வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சூழலின் பெயர் வந்தால்தான் உள்ளே இருக்கிறீர்கள் என்று பொருள்.

பிப்பைத் தனியே அழைக்காமல் எப்போதும் ‘பைத்தான் -எம் பிப்’ என்றே அழைக்கப் பழகுங்கள். நீளம்தான், ஆனால் எந்தப் பைத்தான் ஓடுகிறதோ அதற்கே பேக்கேஜ் போகும்.

11. கோண்டாவுக்குள் பிப்: வரிசை முக்கியம்

கோண்டா சூழலில் பிப் பயன்படுத்தலாம். ஆனால் கோண்டாவில் கிடைப்பதையெல்லாம் முதலில் நிறுவி முடித்துவிட்டு, கிடைக்காத ஒன்றிரண்டுக்கு மட்டும் கடைசியில் பிப். பிப் போட்ட பிறகு மறுபடி கோண்டாவுக்குத் திரும்பினால், பிப் வைத்ததை அறியாமல் அது மேலெழுதிவிடக்கூடும். அப்படி ஆகிவிட்டால் ஒட்டுப்போட முயலாமல் சூழலை அழித்துப் புதிதாகக் கட்டுவதே விரைவு. அனகோண்டாவின் களஞ்சியத்தையும் கோண்டா-ஃபோர்ஜையும் ஒரே சூழலில் கலக்காதீர்கள். இரண்டும் ஒரே நூலகத்தை வெவ்வேறு விதமாகக் கட்டியவை.

12. சோதித்து, இன்னொரு கணினிக்குக் கொண்டுபோங்கள்

பைத்தானுக்குள் போய் ‘சிஸ்’ மாட்யூலை அழைத்து, அதன் ‘எக்ஸிகியூட்டபிள்’ மதிப்பை அச்சிடுங்கள். எந்தக் கோப்பு ஓடுகிறது என்று பாதையோடு வரும். ‘வெர்ஷன்’ மதிப்பையும் பாருங்கள். அனகோண்டா அல்லது கோண்டா-ஃபோர்ஜ் கட்டியது என்றால் அந்தப் பெயர் அதிலேயே இருக்கும். எடிட்டரின் உள்ளே ஒருமுறையும், கமாண்ட் பிராம்ப்டில் ஒருமுறையும் செய்து, இரண்டும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேயே தெளிந்துவிடும்.

சூழல் கோப்புறையைப் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு போனால் வேலை செய்யாது. உள்ளே பழைய கணினியின் முழுப் பாதைகள் எழுதப்பட்டிருக்கும். ‘பிப் ஃப்ரீஸ்’ தரும் பட்டியலை ஒரு கோப்பில் எழுதி எடுத்துப் போங்கள். கோண்டாவில் அதற்கு ‘என்வ் எக்ஸ்போர்ட்’. போகும் இடத்தில் இணையம் இல்லை என்றால் ‘பிப் டவுன்லோட்’ மூலம் பேக்கேஜ் கோப்புகளை இங்கேயே இறக்கி ஒரு கோப்புறையில் சேர்த்துக்கொள்ளலாம். இறக்கும் பைத்தான் வரிசையும் இயங்குதளமும் அங்கே இருப்பதோடு ஒத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் ஆத்தங்குடிக்குப் போய் வந்தது போலத்தான்.

13. வேண்டாததை எடுத்துவிடுங்கள்

இரண்டாம் படியில் எழுதிய தாளை இப்போது எடுங்கள். தேர்ந்தெடுத்தது தவிர மற்றவற்றை, அவற்றில் ஓடும் பழைய திட்டம் ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, விண்டோஸ் அமைப்புகளின் வழியாக நீக்குங்கள். கோப்புறையைக் கையால் அழிக்காதீர்கள். பாத்தில் அதன் சுவடு தங்கிவிடும். நீக்கியபின் பழைய கமாண்ட் பிராம்ப்டை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்து, மீண்டும் ‘வேர் பைத்தான்’. அதிகாரபூர்வ வழங்கலை வைத்துக்கொண்டவர்களுக்கு ஒரே ஒரு வரி வர வேண்டும். கோண்டாவை மட்டும் வைத்துக்கொண்டவர்களுக்குச் சாதாரண கமாண்ட் பிராம்ப்டில் எதுவும் வராது. பதற வேண்டாம், அதன் சொந்த பிராம்ப்டில் கேட்டுப் பாருங்கள்.